காற்றில் போய்ச் சொன்ன கலியாணம்

மாவில்மடை,
கண்டி.
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஆகிபுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சி ரிஸ்னாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் கிளாஸ்கோ குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நேற்றுக்கூட வீடியோவில் முகம் பார்த்த பிள்ளைக்கு உம்மா எதற்குப் பேனை எடுத்தார் என்று நீ யோசிப்பாய். உனக்குத் தமிழ் வாசிப்பது கொஞ்சம் மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை, எழுத்துக் கூட்டியாவது கடைசி வரைக்கும் வாசி. பாதியில் நிறுத்தி எனக்குப் போன் எடுத்து என்ன உம்மா எழுதியிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்கக் கூடாது. வியாழக்கிழமை நாங்கள் ஹுன்னஸ்கிரியவுக்குப் போய் வந்ததை நேற்று உனக்கு நான் சொல்லவில்லை, ரிஸ்னாவையும் வாய் திறக்க விடவில்லை. அவள் திரைக்குப் பின்னால் நின்று சைகை காட்டிக்கொண்டிருந்தது அதற்குத்தான். ஏன் சொல்லவில்லை என்பது கடைசியில் இருக்கிறது, நேரே அங்கே பாயாமல் வரிசையாக வா.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். ரிஸ்னாவுக்கும் கடுகண்ணாவை இப்ஹாமுக்கும் பெருநாள் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்று பேசி முடித்த அன்றைக்கே, உன் தங்கச்சி சந்தோஷம் தாங்காமல் அவளுடைய சிநேகிதி செய்து கொடுத்த கார்ட்டைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள். ரோசாப்பூ மேலிருந்து விழுந்துகொண்டே இருக்கும், பின்னால் இசையும் வரும், அந்தக் கார்ட்தான். எல்லாரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள், நீயும் ஒரு இதயம் போட்டாய். நம்முடைய குடும்பத்தில் கலியாணம் சொல்வது எப்படி என்பது உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. முதல் சொல்லு வாப்பாவோடு கூடப் பிறந்த மூத்தவருக்கு. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வீடு தேடிப் போக வேண்டும், கதிரையில் உட்காருவதற்கு முன்னால் நின்றபடி வாயால் சொல்ல வேண்டும், சொல்லி முடித்த பிறகுதான் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கார்ட். வாப்பாவுக்குக் கூடப் பிறந்தது உம்மு குல்சும் மாமி ஒருவர்தான், தாய் மவுத்தான பிறகு வாப்பாவைக் குளிக்க வார்த்துச் சோறு ஊட்டி வளர்த்ததும் அவர்தான். அந்த ரோசாப்பூ விழுந்து கொஞ்ச நேரத்தில், மாமி குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நீயும் பார்த்திருப்பாய்.

வாப்பா எத்தனையோ தடவை போன் எடுத்துப் பார்த்தார், மாமி எடுக்கவில்லை. பிறகு ஹுன்னஸ்கிரியவில் கடை வைத்திருக்கிற ரிஸ்மி நானா சாமான் எடுக்கக் கண்டிக்கு வந்த இடத்தில் வாப்பாவைக் கண்டு ஒரு செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மாமி கல்முனைக்கு, மகள் பஸ்மியா வீட்டுக்குப் போகிறாராம். நோன்பும் அங்கேதானாம், பெருநாளும் அங்கேதானாம், நம் வீட்டுக் கலியாணம் முடிந்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவாராம். வாப்பா அதைக் கேட்டுவிட்டு வந்து முற்றத்துப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மகள் நிக்காஹ்வில் கூடப் பிறந்த ராத்தா இல்லாவிட்டால் இந்த மனிசன் சபையில் சிரித்துக்கொண்டுதான் நிற்பார், ஆனால் பிறகு சாகும் வரைக்கும் அது அவரை அரித்துக்கொண்டே இருக்கும். உனக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் சொல்லாமலே உனக்குத் தெரியும். உனக்கும் பஸ்மியாவுக்கும் சின்ன வயதிலிருந்தே கலியாணப் பேச்சு இருந்தது. நீ அங்கே போய் இரண்டு வருஷத்தில் வேண்டாம் என்று எனக்குப் போனில் சொன்னாய். வாப்பாவுக்கு ராத்தாவின் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை, அவரும் மாமிக்குப் போனில்தான் சொன்னார். அன்றிலிருந்து மாமி நம் வீட்டுப் படி ஏறவில்லை, நீயும் ஊர்ப் பக்கம் வரவில்லை. வாப்பாவும் நீயும் சாப்பிட்டியா, அங்கே குளிரா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதை நான் கேட்டதில்லை. நிக்காஹ்வுக்கு வருகிறாயா என்றதற்கு லீவு கிடைக்காது என்றாய். உன்னுடைய லீவு எனக்குத் தெரியாதா மகன், போன வருஷம் ஸ்பெயினில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு படம் போட்டாயே.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நான் முடிவெடுத்தேன், நாளைக்கே போகிறோம் என்று. அந்த வாரம் முழுவதும் என்ன காற்று தெரியுமா, கண்டியிலேயே கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது, குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகிவிட்டது. வழக்கமாக நம்மை ஏற்றிப் போகும் வேன்காரத் தம்பி சுதேஷைக் கேட்டேன். ‘அக்கா, மேல மரமெல்லாம் விழுதாம், ரெண்டு நாள் கழிச்சுப் போவோங்க’ என்றார். நல்ல பிள்ளை, அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் ரெண்டு நாளில் மாமி கல்முனையில் இருப்பார். வாப்பாவுக்குக் கண்ணில் ஒபரேஷன் செய்து இன்னும் கறுப்புக் கண்ணாடி போட்டபடிதான் இருக்கிறார், டொக்டர் காற்றிலும் தூசியிலும் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவரால் ஓட்ட முடியாது. ஆகவே நானே ஓட்டுகிறேன் என்றேன். வீட்டில் இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவள் என்று இன்னும் எத்தனை காலத்துக்குத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சந்தைக்கும் வத்தேகமவுக்கும் ஓட்டுகிறவளுக்கு ஹுன்னஸ்கிரியவுக்கு ஓட்டத் தெரியாதா, அங்கேயும் அதே ரோட்டும் அதே பிரேக்கும்தானே. வாப்பாவை வீட்டில் விட்டுவிட்டு நானும் ரிஸ்னாவும் போகலாம் என்று பார்த்தேன். அவர் கேட்கவில்லை, இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் சொன்னதாகும் என்றார். அதில் அவர் என்னைவிடப் பிடிவாதம். ரிஸ்னா, கலியாணப் பெண் தன் கலியாணத்தைத் தானே சொல்லப் போவதா, வெட்கமாக இருக்கிறது என்றாள். ரோசாப்பூ போடும்போது அந்த வெட்கம் எங்கே போயிருந்தது என்று கேட்டு அவளையும் ஏற்றினேன்.

காலையில் புறப்பட்டோம். மாமிக்குப் பிடிக்கும் என்று இரவே வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தேன், அந்தச் சட்டியைத் துணியால் கட்டி ரிஸ்னாவின் மடியில் வைத்தேன். மாமியின் பெயரைப் பொன்னிற மையில் எழுதிய முதல் கார்ட்டை வாப்பா தன் கையாலேயே காரின் முன்பக்கத் தட்டில் வைத்தார். தென்னெக்கும்புரைப் பாலம் தாண்டி திகன வரைக்கும் ஒன்றுமில்லை, குளிர் மட்டும்தான். தெல்தெனியாவுக்குப் பிறகு விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிகிற இடத்தில் பார்த்தால் தண்ணீரில் அலை எழும்பி நுரை தள்ளுகிறது, மலைக்கு நடுவில் கடலைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. ஏற்றம் தொடங்கியதும் காற்று சின்னக் காரைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வாப்பா கறுப்புக் கண்ணாடியோடு இருந்துகொண்டு பிரேக், பிரேக், இடப்பக்கம் பார், பஸ் வருகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். கண் தெரியாத மனிசன் கண் தெரிகிறவளுக்கு ரோட்டுக் காட்டுகிறார். ஒரு வளைவில் பஸ் வருகிறது என்றார், அது ஒரு மாடு. ரிஸ்னா சிரித்த சிரிப்பில் வட்டிலப்பத்தின் பாகு கொஞ்சம் அவளுடைய புது அபாயாவில் சிந்திவிட்டது. மெதமஹநுவரையில் ஒரு கடையில் நிறுத்திப் பிளேன்டீ குடித்தோம், இஞ்சி தட்டிப் போட்டது, உடம்பு கொஞ்சம் சூடானது. கடைக்காரர் மேலே போகிறீர்களா, பனியும் காற்றும் சரியில்லையே என்றார். சரியில்லைதான், இருந்தாலும் போகிறோம் என்றேன்.

அந்தக் கடையிலிருந்து கொஞ்ச தூரம் ஏறியதும் வாகனங்கள் வரிசையாக நின்றன. ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரம் வேரோடு சாய்ந்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது, மனிதர்கள் மெஷின் வாளால் கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் குடையைப் பிடிக்க முடியாமல் மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது, நோனா திரும்பிப் போய் நாளைக்கு வாங்க என்று சிங்களத்தில் சொன்னார். முன்னால் நின்ற வாகனங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பின. வாப்பாவும், அனீஸா, நாம் வரப் பார்த்தோம், அல்லாஹ் விடவில்லை, திரும்புவோம் என்றார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு ரோஷம் வந்தது. மரம் விழுந்தது அல்லாஹ்வின் நாட்டம், அதற்கு முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போவது நம்முடைய நாட்டம், இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள் என்றேன். மரத்துக்கு அந்தப் பக்கம் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த த்ரீவீலர்கள் நிற்பது கிளைகளுக்கிடையில் தெரிந்தது. காரைக் கடைக்காரரின் வாசலில் விட்டுவிட்டு நடந்தே மரத்தைக் கடந்து அந்தப் பக்கம் த்ரீவீலர் பிடிப்பது என்று சொன்னேன். பொலிஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நாத்தனாருக்கு மகளின் கலியாணம் சொல்லப் போகிறேன் மகன், அவர் நாளைக்கு ஊரில் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு என்ன விளங்கியதோ, வாள் பிடித்தவர்களை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மரத்தைக் கடந்த கதையை ரிஸ்னா உனக்கு நடித்துக் காட்டினால்தான் சரியாக இருக்கும். முதலில் வட்டிலப்பச் சட்டி போனது, மரம் வெட்டுகிறவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பூப்போல வாங்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பிறகு ரிஸ்னா. பிறகு வாப்பா. கறுப்புக் கண்ணாடியையும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததையும் பார்த்து அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போலும், பாவம் பாவம் என்று இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். எனக்குக் கண் தெரியும், எனக்குக் கண் தெரியும் என்று அவர் கத்துகிறார், அவர்கள் விடவில்லை, இன்னும் உயரமாகத் தூக்கினார்கள். சும்மா இருங்கள், இறக்கிவிட்டால் நீங்களாக ஏற மாட்டீர்கள் என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். அந்த நேரத்தில் அடித்த ஒரு காற்றில் அவருடைய வெள்ளைத் தொப்பி பறந்து பள்ளத்துக்குள் போனது, தேயிலைக்கு மேலே ஒரு வெள்ளைக் கொக்கைப் போலப் போய் மறைந்தது. என் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நானும் கடந்தேன். முழங்கை உரசிக் கொஞ்சம் தோல் போனது, இப்போது காய்ந்துவிட்டது, அதற்குப் போன் எடுத்து மருந்து சொல்லாதே. த்ரீவீலரில் ஏறிப் பாதி வழி போன பிறகுதான் வாப்பா சட்டைப் பையைத் தடவினார், பிறகு என்னைப் பார்த்தார். கார்ட் காரிலேயே கிடந்துவிட்டது. இத்தனை பாடு பட்டுக் கலியாணம் சொல்லப் போகிறோம், கையில் கலியாணக் கார்ட் இல்லை, வட்டிலப்பம் இருக்கிறது. நான் திரும்பிப் போய் எடுத்து வருகிறேன் என்றேன், அதற்கு மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மாமியின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ரிஸ்னாதான் தட்டி ஸலாம் சொன்னாள். மாமி கதவைத் திறந்து பதில் ஸலாம் சொன்னார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாதே, ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஹோலின் நடுவில் பயணப் பை கட்டித் தயாராக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றோம், காற்று எங்களுக்குப் பின்னால் வீட்டுக்குள் புகுந்து திரைச்சீலையையெல்லாம் கிளப்பியது. மாமி வாப்பாவின் வெறுந்தலையைப் பார்த்தார். உள்ளே போனார், அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது, மவுத்தான மாமாவுடைய கம்பளித் தொப்பியோடு வந்தார், கொண்டுவந்து வாப்பாவின் தலையில் தானே போட்டுக் காது வரைக்கும் இழுத்துவிட்டார். அறுபது வயது மனிசனை ஆறு வயதுப் பிள்ளையைச் செய்கிற மாதிரி. கண்ணில் ஒபரேஷன் செய்தவரை இந்தக் காற்றில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று எனக்கு ஏச்சு விழுந்தது. அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன், நாலு வருஷமாக அவர் எனக்கு ஏசவேயில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், வாப்பா உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னார். ‘ராத்தா, ரிஸ்னாக்கு நிக்காஹ். பெருநாளைக்குப் பொறகு. ஒங்களுக்குச் சொல்லத்தான் நாங்க வந்த’ என்றார். மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அதுதான் எனக்கு எப்போதோ தெரியுமே, பூவெல்லாம் போட்டுப் பாட்டோடு போனில் வந்ததே என்றார். வாப்பா, அப்போது உங்களுக்குத் தெரிய வந்தது ராத்தா, சொல்வதற்கு இப்போதுதான் வந்திருக்கிறோம் என்றார். உன் வாப்பாவுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது உனக்கும் சேர்த்துச் சொன்னது. ‘முந்தி வாணாமெண்டதும் போன்ல. இப்ப கலியாணமெண்டதும் போன்ல. எனக்கொரு ஊடு ஈக்குது, அதுக்கொரு கதவு ஈக்குதெண்டு ஒங்கட புள்ளைகளுக்குத் தெரியாதா’ என்றார். ரிஸ்னா அழுதேவிட்டாள், போட்டது நான்தான் மாமி, யாரும் சொல்லிப் போடவில்லை, சந்தோஷத்தில் யோசிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி அவளுடைய அபாயாவில் காய்ந்திருந்த பாகைப் பார்த்து இது என்ன என்றார், வட்டிலப்பம் என்றாள். அதோடு மாமியின் வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கார்ட் எங்கே என்று கேட்டார். காரில் இருக்கிறது, கார் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, மரத்தை நாங்கள் ஏறிக் கடந்து வந்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக் கேட்டுச் சிரித்தார், தம்பியைத் தூக்கிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வாயால் சொல்லியாகிவிட்டது, கார்ட் எனக்கு எதற்கு என்றார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்தோம்.

சாப்பிட்டு முடிந்து ளுஹரும் தொழுத பிறகு நானும் மாமியும் குசினியில் தனியாக இருந்தோம். அவராகவே கேட்டார், ஆகிப் வருகிறானா என்று. லீவு இல்லையாம் என்று உன் பொய்யை நான் அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறான் ராத்தா என்றேன். மாமி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். ‘அவன் வாணாமெண்டதுக்கு எனக்குக் கோவமில்ல. பஸ்மியாக்கும் அவன்ட மேல விருப்பம் ஈக்கல்ல, அதும் எனக்குப் பொறகுதான் தெரிஞ்ச. என்ட மடியில வளந்த புள்ள, என்ட ஊட்டுப் படியேறி வந்து சொல்லியிருந்தா ஒரு கோப்பை தேத்தண்ணி குடுத்து அனுப்பியிருப்பேனே’ என்றார். அவ்வளவுதான் மகன். இந்த நாலு வருஷமாக நீ எதற்குப் பயந்து ஒளிந்துகொண்டிருந்தாயோ அதன் மொத்தமும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர்தான். பஸ்மியா அங்கே ஸ்கூலில் படிப்பிக்கிறாள், புருஷன் நல்ல மனிசன், ஒரு ஆண் குழந்தை, படத்தில் பார்த்தேன், மாமியின் மூக்கு அப்படியே இருக்கிறது. மாமி கல்முனைக்குப் போவதை நிறுத்தவில்லை, பேரனைப் பார்க்கும் ஆசை அவருக்கும் இருக்கும்தானே. ஆனால் நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் முன்னமே பஸ்மியாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். கலியாணத்துக்குத் தொதல் இனிப்புக் கிண்டுவது தன் பொறுப்பு, நான் அதில் கைவைக்கக் கூடாதாம். இனி இரண்டு பெண்கள் ஒரு குசினியில் நிற்பதால் வரும் சண்டைகளையும் நான் சந்தோஷமாகத் தாங்கிக்கொள்வேன்.

திரும்பி வரும்போது மரத்தை ஒரு பக்கம் வெட்டித் திறந்திருந்தார்கள். காற்று அப்படியேதான் இருந்தது, ஆனால் இறக்கத்தில் எனக்கு அது காற்றாகவே தெரியவில்லை. வாப்பா மாமாவின் தொப்பியைக் காது வரைக்கும் போட்டுக்கொண்டு, பிரேக் என்றுகூடச் சொல்லாமல் தூங்கிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை கண் டொக்டரிடம் காட்டினோம், நன்றாக ஆறி வருகிறது என்றார், அல்ஹம்துலில்லாஹ். காற்றில் போனதை நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்தது கடுகண்ணாவைப் பக்கம் இருக்கிற சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டும், அதற்கும் நான்தான் ஓட்டுகிறேன். சுதேஷ் கதையைக் கேட்டுவிட்டு, அக்கா இனி என் வேனையும் நீங்களே ஓட்டுங்க என்று கிண்டல் செய்கிறார். நீ குளிருக்குள் காதைத் திறந்து போட்டுக்கொண்டு திரிவதை வீடியோவில் பார்க்கிறேன், தொப்பி போடு. காலையில் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே, நான் அனுப்பிய குரக்கன் மாவில் இரண்டு ரொட்டி தட்ட எவ்வளவு நேரம் ஆகும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அடுத்த கார்ட்டில் உன் பெயரை எழுதினேன், இந்தக் கவருக்குள் வைக்கத்தான். வைக்கப் போகும்போது, கதவு இருப்பது தெரியாதா என்று மாமி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. தங்கச்சியின் கலியாணத்தை உனக்கும் நாங்கள் போனில்தான் சொன்னோம், அதுவும் ஒரு பூவும் பாட்டும். அது உனக்குத் தெரிய வந்தது, அவ்வளவுதான். நீ வரமாட்டேன் என்று சொன்னதும் போனில்தான், அதனால் அதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. முறைப்படி உன் வீட்டுக் கதவைத் தட்டி நின்றபடி சொல்ல வேண்டும், அவ்வளவு தூரம் என்னால் ஓட்ட முடியாது, நடுவில் கடல் இருக்கிறது. ஆகவே கார்ட்டை அலுமாரியில் வைத்துவிட்டேன், இந்தக் கடிதம்தான் உன் கதவுக்கு வந்து நிற்கிறது. இந்த வரியை மட்டும் நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றுகொண்டு எழுதுகிறேன், ரிஸ்னா பார்த்துச் சிரிக்கிறாள். மகன் ஆகிப், பெருநாள் கழிந்த இரண்டாவது ஞாயிறு உன் தங்கச்சிக்கு நிக்காஹ், நீ கட்டாயம் வர வேண்டும். மாமி ஒரு நிபந்தனையும் போடவில்லை, நான் ஒன்று போடுகிறேன். மாமி அந்த நேரம் எங்கே இருந்தாலும் முதலில் அவர் முன்னால் போய் நின்று ஸலாம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் நீ என் கையால் சோறு சாப்பிடலாம். இதற்குப் பதிலைப் போனில் சொல்லாதே, சொன்னால் நான் எடுக்க மாட்டேன். நம்முடைய கதவும் அதே இடத்தில்தான் இருக்கிறது, வந்து தட்டிச் சொல்.

அல்லாஹ் உன் உடம்பையும் ஈமானையும் உத்தியோகத்தையும் பாதுகாத்து, உன்னைச் சுகமாக எங்கள் கண் முன்னால் கொண்டுவந்து சேர்க்கட்டும், ஆமீன். பாஸ்போர்ட் முடியும் தேதியை இன்றைக்கே எடுத்துப் பார், மறந்துவிடாதே. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து சொன்னால்தான் சொன்னதாகும் என்பதால் வாப்பாவிடமும் பேனையைக் கொடுக்கிறேன். இன்னும் அவருக்குக் கிட்ட எழுத்துத் தெளிவில்லை, வரி வளைந்து போனால் பெரிதாக எடுக்காதே. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உனக்கு எப்போதும் துஆ கேட்கும்,
உம்மா அனீஸா.

மகன் ஆகிப், உன் மாமிக்கு நானும் அன்றைக்குப் போனில்தான் சொன்னேன். பயந்தது நீ மட்டும் இல்லை. மாமி இருக்கிற வீட்டுக்கு நீ போகும்போது நானும் கூட வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து தட்டுவோம். வா.
வாப்பா.